எடுத்துக்குங்க, உங்களோடதுதான்

அவரிடம் இருக்கிற எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அது உங்கள் கைக்கு வந்துவிடும். இது தெரியாமல் எங்கள் ஹைஸ்கூலில் பாதிப் பேர் அவருடைய சாமான்களோடு திரிந்துகொண்டிருந்தார்கள். ஜிம் வாத்தியார் பிடித்திருந்த மரக்கைப்பிடி வைத்த குடை அவருடையது. ஆபீஸ் செக்ரட்டரி அம்மாள் மேஜையில் இருந்த பித்தளைப் பேனாத்தட்டும் அவருடையதுதான்.

சொல்கிற வார்த்தை எப்போதும் ஒன்றுதான். "எடுத்துக்குங்க, உங்களோடதுதான்." வலது கையை நெஞ்சில் வைத்து, லேசாகத் தலை குனிந்து சொல்வார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் அவரை முதலில் பார்த்தது டீச்சர்ஸ் லவுஞ்சில். நியூ ஜெர்ஸியில் எனக்கு வேலை கிடைத்த முதல் வாரம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு செப்டம்பர். கணக்கு டீச்சர், புதுசு, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. எதிர் மேஜையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சையும் பூண்டும் வறுத்த கோழியும் சேர்ந்து ஒரு வாசனை. பக்கத்தில் இருந்த சரித்திர டீச்சர், "அய்யோ, என்ன வாசனை!" என்றாள். அவர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி, கையை நெஞ்சில் வைத்து, அந்த வார்த்தையைச் சொன்னார். அவள் "நிஜமாவா? தேங்க் யூ!" என்று முள்கரண்டியை எடுத்துக்கொண்டு அடி வரைக்கும் சாப்பிட்டாள். மனுஷர் ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

பிறகு பையிலிருந்து நாலு பேரீச்சம்பழம் எடுத்து என் பக்கம் நீட்டினார். "வேண்டாம் சார், இப்பதான் சாப்பிட்டேன்" என்றேன். என் தயிர்சாத டப்பா திறக்காமல் என் முன்னாலேயே இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"இல்ல, நீங்க எடுத்துக்கணும்."

"அய்யோ, வேண்டாம் சார்."

"எனக்காக ஒண்ணு."

ஒன்று எடுத்துக்கொண்டேன். "சிஸ்டர், நீங்க எந்த ஊர்?" என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன். "நினைச்சேன். குவைத்ல என் பக்கத்து வீட்டுக்காரர் மெட்ராஸ்தான். அவரை உள்ள வந்து உட்கார வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு கட்சி.

நம் பழக்கத்துக்கும் அவர் பழக்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. புடவை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் புடவையைத் திட்டுவோம். "இதுவா? அய்யே, பழசு, தள்ளுபடில எடுத்தது" என்போம். அவர்கள் ஊரில் அதையே எடுத்து நீட்டுவார்களாம். நீட்டினால் எதிரில் இருப்பவர், "அது உங்ககிட்ட இருந்தாதான் அழகு" என்று திருப்பித் தள்ள வேண்டும். இருவரும் நாலு வார்த்தை நல்லதாகப் பேசின மாதிரி ஆயிற்று, பொருளும் இடம் மாறவில்லை. ஜோர்டானின் அம்மான் நகரத்திலும் குவைத்திலும் நாற்பத்தைந்து வயது வரை இப்படியே பேசி அவர் ஒரு கைக்குட்டையைக்கூட இழந்ததில்லை. நியூ ஜெர்ஸிக்கு வந்த பிறகுதான் சாமான்கள் நிஜமாகவே போக ஆரம்பித்தன.

அவர் மனைவி கடைசியில் வெறுத்துப்போய், பார்க்கச் சகிக்காத டையாகத் தேடி வாங்கிக் கட்டி அனுப்பினார். கடுகு நிறத்தில் பச்சைக் கட்டம் போட்டது. ஸ்பானிஷ் டீச்சர் அதைப் பார்த்து, "இந்த மாதிரி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல!" என்றார். அவர் சொன்னது பாராட்டுதானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். இவர் யோசிக்கவே இல்லை, கழற்றிவிட்டார். விடியற்காலையில் வந்து பிடிக்கும் வாசல் பக்கத்துப் பார்க்கிங் இடமும் இப்படித்தான் போயிற்று. ஒருநாள் பிரின்ஸிபால் அவருடைய பழைய காரைத் தட்டி, "நல்ல கண்டிஷன்ல வச்சிருக்கீங்க" என்றபோது சாவியையே நீட்டினார். நான் பக்கத்தில் நின்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, பிரின்ஸிபாலிடம் வேறு கார் இருந்தது.

அமெரிக்க ஹைஸ்கூல் வாத்தியார் பிழைப்பைப் பற்றி ஊரில் யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடிந்ததில்லை. மணி அடித்தால் ஓடு, மணி அடித்தால் நில். பாத்ரூம் போக வேண்டுமென்றால் இரண்டு மணிகளுக்கு நடுவே இருக்கிற நாலு நிமிஷத்தில் போய்விட்டு வா. சாப்பாட்டுக்கு இருபத்திரண்டு நிமிஷம். பாடம் இல்லாத நேரத்தில் தாழ்வாரத்தில் காவல், கேன்டீனில் காவல், சாயங்காலம் பஸ் பக்கத்தில் காவல். குவைத்தில் அவர் பெரிய வாத்தியார். பௌதிகத்துக்கே தலைமை. வகுப்புக்குள் நுழைந்தால் நாற்பது பேர் எழுந்து நிற்பார்களாம், ஸ்டாஃப் ரூமுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வருமாம். யுத்தம் வந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், இங்கே கேன்டீனில் யாரும் உருளைக்கிழங்கை எறிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், "அல்ஹம்துலில்லா, எக்ஸலன்ட்!" என்பார்.

ஆனால் அவரிடம் ஒரு ரூம் இருந்தது. நூற்றுப் பதினாலு. பள்ளிக்கூடத்திலேயே நல்ல ரூம். கிழக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். மூலையில் ஒரு சிங்க். சுவர் நீளத்துக்குக் கரும்பலகை. அலமாரியில் பட்டகங்களும் கப்பிகளும் ஊசல்குண்டுகளும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். ஜன்னலோரம் ஒரு தொட்டியில் புதினா. ஒவ்வொரு பீரியடுக்கும் பிள்ளைகள் உள்ளே வரும்போது வாசலில் நின்று, வீட்டுக்கு வந்தவர்களை வரவேற்பது போல வரவேற்பார். பதினாறு வயதுத் தடியன்களெல்லாம் அந்த வாசலில் மட்டும் தொப்பியைக் கழற்றினார்கள்.

எனக்கு ரூம் இல்லை. புதுசாக வருகிறவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஒரு தள்ளுவண்டி கொடுப்பார்கள். அதில் புத்தகம், சாக்பீஸ், பரீட்சைத் தாள், கோட்டு, சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, எந்த ரூம் எந்த பீரியடில் காலியோ அங்கே போய்ப் பாடம் நடத்த வேண்டும். ஐந்து பீரியட், ஐந்து ரூம், ஒன்று மைதானத்தைத் தாண்டித் தனியாக நிற்கும் தகரக் கட்டிடம். வண்டியில் ஒரு சக்கரம் தான் நினைத்த பக்கம் போகும். நான் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு. மெட்ராஸில் காலேஜில் பாடம் நடத்தியவள். இங்கே என்னைப் பார்த்தால் ரயில்வே ஸ்டேஷனில் வடை விற்கிற மாதிரி இருக்கும்.

ஜனவரியில் ஒருநாள், பனி உருகிச் சேறாகக் கிடந்தபோது, தகரக் கட்டிடத்துச் சரிவில் வண்டி என் கையை விட்டுப் போயிற்று. அறுபது பரீட்சைத் தாள் சேற்றில். சாம்பார் சாதம் அதன் மேல். நான் முட்டி போட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், ஜன்னல் வழியாக முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கை தட்டினான்.

அந்தச் சேற்றோடுதான் நூற்றுப் பதினாலுக்குப் போனேன். தாள்களைச் சிங்க்கில் அலசிக் கொடுத்தார், பாவம். ஹீட்டர் மேல் வரிசையாகக் காயப் போட்டார். புதினா போட்டு டீ கொடுத்தார். வெயில் ஜன்னல் முழுக்க விழுந்திருந்தது. சுற்றிப் பார்த்தேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சார், உங்க ரூம் எவ்வளவு நல்லா இருக்கு."

கை நெஞ்சுக்குப் போயிற்று. "எடுத்துக்குங்க, சிஸ்டர். உங்களோடதுதான்."

அய்யோ, வேண்டாம் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். பேரீச்சம்பழத்துக்குச் சொன்னவளுக்கு ரூமுக்குச் சொல்லத் தெரியாதா? ஆனால் என் முட்டி ஈரமாக இருந்தது. கை தட்டினவன் முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. "தேங்க் யூ" என்றேன்.

அவர் சிரித்தபடி தலையாட்டினார். நான் மரியாதைக்குச் சொன்னேன் என்று நினைத்திருப்பார். நான் நேராகப் பிரின்ஸிபாலிடம் போய், அவர் தன் ரூமை எனக்குத் தருகிறார் என்று சொன்னேன். பிரின்ஸிபால் முன்னாள் ஃபுட்பால் கோச். ஆறடிக்கு மேல் உயரம், பேச்சில் வளைவு சுளிவு கிடையாது. "என்ன மனுஷன்யா!" என்று அப்போதே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் நூற்றுப் பதினாலு வாசலில் சாவியோடு நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மப்ரூக், சிஸ்டர்" என்றார். வாழ்த்துச் சொல்கிறாராம். கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார். என் தள்ளுவண்டியில் தன் பட்டகங்களையும் கப்பிகளையும் ஏற்றினார். புதினாத் தொட்டியைக் கையில் எடுத்தார், வண்டியில் இடம் பார்த்தார், இல்லை. அதை ஜன்னலிலேயே திரும்ப வைத்துவிட்டு, "இதுக்கு வெயில் வேணும்" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிள்ளைகளுக்கு அந்த வண்டி பிடித்துப்போயிற்று என்பது வேறு விஷயம். ஊசல்குண்டை வண்டியின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிட்டுத் தாழ்வாரம் நெடுகத் தள்ளிக்கொண்டு போவார். வண்டி திரும்பினால் குண்டு எந்தப் பக்கம் போகிறது பார் என்று போகிற வழியிலேயே பாடம். அவர் வகுப்பு ஒரு ரூமில் ஆரம்பித்து இன்னொரு ரூமில் முடியும். ஆனால் வாசலில் நின்று வரவேற்க அவருக்கு வாசல் இல்லை. பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க, இவர் மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் உள்ளே வருவார். "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"அவரே குடுத்தாரு. நீ எதுக்கு சும்மா ஃபீல் பண்ற?" என்றார் அவர்.

"அவர் குடுக்கலைங்க. சொன்னாரு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"சான் ரமோன்ல இருந்து உங்க ஃபிரெண்ட் 'எப்ப வேணா வந்து எங்க வீட்ல தங்குங்க'ன்னு சொன்னாரே, உடனே டிக்கெட் புக் பண்ணி ஒரு மாசம் போய் உக்காந்தீங்களா?"

"ஏய், அது சும்மா மரியாதைக்குச் சொல்றது."

"அதேதான்."

அவர் சாதத்தில் ரசம் ஊற்றிக்கொண்டார். "அப்போ திருப்பிக் குடுத்துடு" என்றார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன்.

மார்ச்சில் எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பேட்டர்சனில் இருந்த அவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே அவர் சிநேகிதர்கள் நாலு பேர் இருந்தார்கள், நாலு பேரும் வெவ்வேறு ஹைஸ்கூலில் வாத்தியார்கள், நாலு பேரும் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள். வெளி மனுஷர்களிடம்தான் எக்ஸலன்ட் எல்லாம். தங்களுக்குள் கூடினால் கொட்டித் தீர்த்துவிடுவார்கள் போல. எங்களையும் வீட்டு மனுஷர்களாக நினைத்தார்களோ என்னவோ, ஆங்கிலத்திலேயே கொட்டினார்கள். ஒருவருக்கு மூன்று வருஷமாக பஸ் டியூட்டி. இன்னொருவர் ரூமில் ஹீட்டர் மே மாசம்தான் வேலை செய்யுமாம். மூன்றாமவர் பாய்லர் ரூமுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார், பாதி நாள் அவர் குரல் அவருக்கே கேட்பதில்லை. நாலாமவர் வயதில் பெரியவர், இன்னும் சப்ஸ்டிட்யூட், லீவு போட்ட வாத்தியாருக்கு மாற்று ஆள். தினமும் காலை ஐந்தரைக்குப் போன் வந்தால்தான் வேலை.

அந்தப் பெரியவர் எங்கள் ஆளைக் காட்டிச் சொன்னார். "இவனுக்கென்ன? கிழக்கு ஜன்னல், சிங்க், சொந்த அலமாரி. எங்க அஞ்சு பேர்ல இவன் ஒருத்தன்தான் ஊர்ல இருந்த மாதிரியே வாத்தியாரா இருக்கான். நாங்க இவன் ரூமைப் பத்திப் பேசித்தான் சந்தோஷப்பட்டுக்கறது." என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்திருப்பீங்களே, அந்த ரூமை?"

"பார்த்திருக்கேன். ரொம்ப நல்ல ரூம்" என்றேன்.

எங்கள் ஆளின் கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போயிற்று. வாயும் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு, சோற்றைப் பிசைந்தார்.

"நான் குடுத்தனுப்பின புதினா நல்லா வருதா?" என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். "நல்லா வருதுங்க" என்றேன். மேஜைக்கு அடியில் என் வீட்டுக்காரர் என் காலை மிதித்தார். இரண்டு மாதமாக மனுஷர் வீட்டில்கூடச் சொல்லவில்லை. தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு, ரூம் இருக்கிற வாத்தியாராக அந்த வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. உங்கள் வேலை வாழ்க்கை எப்படி இருக்கிறது, ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போடுங்கள் என்று. நான் ஒன்றும் இரண்டுமாகப் போட்டுப் பின்பக்கமும் எழுதினேன். அவர் எல்லாவற்றுக்கும் ஐந்து. சாப்பாட்டு நேரம், ஐந்து. மேலதிகாரிகள், ஐந்து. உங்கள் வகுப்பறை, ஐந்து.

"எந்த வகுப்பறை சார்?" என்று கேட்டேன், கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லாவிட்டாலும்.

"சிஸ்டர், எப்படி இருக்கேன்னு ஒருத்தர் மரியாதையா கேட்கிறாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லாம, அவங்ககிட்டயே குறை சொல்றதா?"

பெயர் எழுத வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் அவர் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். அதனால் பிரின்ஸிபால் அவரை ஸ்டாஃப் மீட்டிங்கில் பேசச் சொல்லிவிட்டார். ரூமே இல்லாமல் சந்தோஷமாக இருப்பது எப்படி என்று. வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பிள்ளைகள் நல்லவர்கள், காப்பி நன்றாக இருக்கிறது, நடப்பது உடம்புக்கு நல்லது என்று மூன்று நிமிஷம் பேசினார். ஜிம் வாத்தியார் எழுந்து நின்று கை தட்டினார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆறு ரூம் புதிதாகக் கட்டியிருந்தார்கள். நேரில் போய்க் குறை சொன்னவர்களுக்கு ஐந்து போயிற்று. ஒன்று மிச்சம். பிரின்ஸிபால் தாழ்வாரத்தில் அவரை நிறுத்தி, "ஒரு புது ரூம் இருக்கு, உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டார். இவர் கையை நெஞ்சில் வைத்து, "அய்யோ, எனக்கெதுக்கு சார்? தேவைப்படறவங்க யாருக்காவது கொடுங்க" என்றார். பிரின்ஸிபால் அவர் தோளில் தட்டி, "உங்களை மாதிரி இன்னும் பத்துப் பேர் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லவுஞ்சில் என்னிடம் வந்து கொட்டினார். "ஒரே ஒரு தடவை கேட்டார், சிஸ்டர்! ஒரு காப்பிக்குக்கூட மூணு தடவை கேட்கணும். இது ரூம்! ஒரு தடவை கேட்டுட்டுப் போறவர் என்ன மனுஷன்?"

அதற்கப்புறம் மூன்று நாள் அவர் எங்கே போக வேண்டியிருந்தாலும் ஆபீஸ் வழியாகத்தான் போனார். ஜிம்முக்குப் போக ஆபீஸ் வழி. கேன்டீனுக்குப் போக ஆபீஸ் வழி. சக்கரம் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும், பிரின்ஸிபால் தலை நிமிர்ந்து உற்சாகமாகக் கையசைப்பார். இவரும் கையசைப்பார். இரண்டாவது தடவை கேட்கச் சொல்லி ஒரு மனுஷன் வண்டி தள்ளிக்கொண்டு சுற்றுகிறான் என்று அந்த ஆறடி மனுஷருக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை ரூம் லிஸ்ட் ஒட்டப்போகிறார்கள்.

வியாழக்கிழமை நான் பிரின்ஸிபாலிடம் போனேன். என் நல்ல மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குப் புது ரூம் கிடைத்துவிட்டால் நூற்றுப் பதினாலை நான் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். அதுதான் என் எண்ணம்.

"சார், அவர் வேண்டாம்னு சொன்னாரே, அதை அப்படியே எடுத்துக்கக் கூடாது" என்றேன்.

"வேற எப்படி எடுத்துக்கறது?"

"இன்னொரு தடவை கேட்கணும். அவங்க ஊர்ல அப்படித்தான். எங்க ஊர்லயும் அப்படித்தான்."

பிரின்ஸிபால் மஞ்சள் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "எத்தனை தடவை?"

"ரெண்டு, மூணு."

"மூணாவது தடவையும் வேண்டாம்னா?"

"அப்போ நிஜமாவே வேண்டாம்."

எழுதிக்கொண்டார். நல்ல மனுஷர், புரிந்துகொள்ள வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டார். எனக்கு ஒரே பெருமை. எதிரில் இருப்பவர் பொருளைப் பாராட்டினால் எடுத்து நீட்டுவது, அதைத் திருப்பித் தள்ளுவது என்று குடை, டை, கோழி எல்லாக் கதையும் அவிழ்த்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் பேனாவை நிறுத்தினார்.

"அப்போ ஜனவரியில அவர் உங்களுக்கு ரூம் கொடுத்தது?"

நான் கைப்பையைத் திறந்து மூடினேன்.

"அதுவும் இதே மாதிரிதானா?"

"ஆமா சார்."

"அது உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும் சார்."

பேனாவை மூடி வைத்தார். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அடுத்த வருஷத்துக்கான காகிதம் அந்த மாதம்தான் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. பிரின்ஸிபால் மைக்கைத் திருகி எங்கள் ஆளை ஆபீஸுக்கு வரச் சொன்னார். கிறீச் கிறீச் என்று சத்தம் உடனே கேட்டது. பக்கத்தில்தான் எங்கேயோ இருந்திருக்கிறார்.

சந்தோஷமாக உள்ளே வந்தார். இரண்டாவது தடவை கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் பிரின்ஸிபால். "உங்க ரூமை இவங்களுக்குக் கொடுத்தது மரியாதைக்குத்தான், நிஜமா இல்லைன்னு இவங்க சொல்றாங்க. தெரிஞ்சே வாங்கிக்கிட்டேன்னும் சொல்றாங்க. அப்படின்னா திங்கட்கிழமை ரூம் உங்களுக்கு. இவங்களை என்ன பண்றதுன்னு நான் யோசிச்சுக்கறேன். நீங்க மனசுல என்ன நினைச்சீங்களோ அதை மட்டும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சார், சிஸ்டர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார். "நான் கொடுத்தேன். நிஜமாத்தான் கொடுத்தேன். நான் வாயால சொன்னா சொன்னதுதான்."

பிரின்ஸிபால் பெரிய மூச்சு விட்டார். பாரம் இறங்கின மாதிரி இருந்தது அவருக்கு. "அப்படித்தான் நானும் நினைச்சேன். அப்போ புது ரூம் வேண்டாம்னு சொன்னதும் சொன்னதுதானே?"

அந்த ஒரு நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். மாட்டிக்கொண்டார். இப்போது வேண்டும் என்று சொன்னால், முன்னால் சொன்னதும் பொய். பொய் என்றால் நான் அகப்பட்டேன்.

"சொன்னதுதான் சார்" என்றார்.

"இல்ல சார், அவர் எனக்காக..." என்று ஆரம்பித்தேன். பிரின்ஸிபால் கையை உயர்த்தினார். "நான் கேட்டேன், அவர் பதில் சொல்லிட்டார். நீங்க ரொம்ப யோசிக்கறீங்க." மஞ்சள் தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். புது ரூம் ஸ்பானிஷ் டீச்சருக்குப் போயிற்று.

வெளியே தாழ்வாரத்தில் யாரும் இல்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். "நம்ம வீட்டுப் பேச்சையெல்லாம் ஏன் அவர்கிட்ட போய்ச் சொன்னீங்க? இனிமே நான் எதைக் கொடுத்தாலும் சும்மா சொல்றேன்னுதானே நினைப்பார்?"

"சும்மாதானே சார் சொன்னீங்க?" எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்த ரூமை நீங்க நிஜமாவா கொடுத்தீங்க?"

"நிஜமா இல்ல!" என்றார். "எவன் கொடுப்பான் அந்த ரூமை? ஆனா நீங்க தேங்க் யூன்னு சொன்னீங்க. அப்புறம் அது நிஜம். நிஜமாக்கித்தானே ஆகணும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவமானமாக இருந்தது. "சார், இப்ப நான் கொடுக்கறேன். திங்கட்கிழமைல இருந்து ரூம் உங்களோடது. எடுத்துக்குங்க."

கோபம் உடனே போய்விட்டது. கை நெஞ்சுக்குப் போயிற்று. "அய்யோ, வேண்டாம் சிஸ்டர். உங்களுக்குத்தான் தேவை."

வண்டிக் கைப்பிடியில் இன்னொரு கையை வைத்தபடி அப்படியே நின்றார். நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். மணி அடித்தது. கதவுகள் திறந்து பிள்ளைகள் தாழ்வாரம் முழுக்க வந்துவிட்டார்கள், அப்போதும் கொஞ்ச நேரம் நின்றார்.

நானும் ஒரு தடவைதான் கேட்டேன்.